வாட்டமில்லாத தரை

தண்ணீர் போக ஒரு வழி இருக்கும் என்று நினைத்துத்தான் ஊற்றினேன். எந்தக் குளியலறையிலும் ஏதாவது ஒரு மூலையில் ஓட்டை இருக்கும், அதன்மேல் சல்லடை மூடி இருக்கும், மூடியில் ஒரு ஷாம்பு உறை சிக்கிக் கிடக்கும். ஊற்றுகிற தண்ணீர் தானாகவே அங்கே தேடிப் போகும், நாம் பின்னாலிருந்து விளக்குமாறால் ஒரு தள்ளு தள்ளினால் போதும். இருபத்தேழு வயதுக்கு நான் கழுவிய குளியலறை எல்லாம் அப்படித்தான், இப்போது குடியிருக்கிற ஜெர்மனி வீட்டில்கூட. இங்கே மூலை நாலும் இருக்கிறது, ஓட்டையைத்தான் காணோம். கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே, குளிக்கிற இடத்தில் ஒன்று இருக்கிறது, ஆனால் அது ஒரு சாண் உயர மேடையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் மேட்டில் ஏறுமா. ஊற்றியது குப்பைக்கூடையில் மூன்று கூடை. வாளி இல்லாததால் குப்பைக்கூடையைக் கழுவி வாளியாக்கிக்கொண்டேன், அந்தச் சாமர்த்தியத்தை நினைத்து அப்போது எனக்கே சந்தோஷம். மூன்றாவது கூடையைக் கவிழ்த்துவிட்டு, போகும் போகும் என்று இடுப்பில் கை வைத்து நின்றேன். அது போகவில்லை. கண்ணாடி மாதிரி அப்படியே நின்றது, அதில் மேல்விளக்கு தெரிந்தது, என் முகம் தெரிந்தது, ஒரு குளத்தைக் கூப்பிட்டு வீட்டுக்குள் உட்காரவைத்த மாதிரி இருந்தது. எங்கப்பா கொத்தனார். தளம் போட்டு முடித்ததும் நடுவில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பீடியைப் பற்றவைப்பார். தண்ணீர் அங்கே இங்கே பார்க்காமல் நேரே ஓட்டையைப் பார்த்துப் போனால்தான் கூலிக்குக் கை நீட்டுவார். அதற்கு வாட்டம் என்று பேர். தரை பார்வைக்குச் சமமாக இருக்க வேண்டும், ஆனால் சமமாக இருந்துவிடக் கூடாது. இந்தத் தரையைப் போட்ட மகராசன் ரசமட்டம் வைத்துத் துல்லியமாகப் போட்டிருக்கிறான். எந்தப் பக்கமும் சாயவில்லை. சாயாத தரையில் தண்ணீருக்கு எல்லாப் பக்கமும் ஒன்றுதான், அதனால் எல்லாப் பக்கமும் போகிறது. கதவுப் பக்கமும்.

கதவுக்கு வெளியே கட்டிலில் இதழினி தூங்குகிறாள். மூன்றரை வயது, வாயைத் திறந்துகொண்டு, ஒரு கை கட்டிலுக்கு வெளியே. எல்லாம் அவள் எடுத்த வாந்திதான். காலையில் இரண்டாவது ஹோட்டலில் கொடுத்த ஸ்ட்ராபெர்ரிப் பாலை மூன்று டம்ளர் குடித்தாள், டிராமில் ஏறி இறங்கி, மலைமேல் கோட்டையைப் பார்த்து, இங்கே வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் குளியலறை வாசலில் ரோஜா நிறத்தில் கக்கிவிட்டாள். கக்கி முடித்ததும் சிரித்தாள். காய்ச்சல் இல்லை, தொட்டுப் பார்த்தேன், வயிறும் மெத்தென்று இருக்கிறது, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். பிள்ளையைக் கழுவிப் படுக்கவைத்துவிட்டுத் தரையைப் பார்த்தால், துணியால் துடைத்துவிட்டுப் போக மனசு வருமா. வாந்தி எடுத்த இடத்தைத் துடைப்பது என்பது அதைத் தடவி வைப்பதுதான். தண்ணீர் விட்டுக் கழுவினால்தான் கழுவினது. எல்லாம் முடித்து மூன்று கூடை ஊற்றி, இப்போது பச்சைத் துண்டு ஒன்று, வெள்ளைத் துண்டு இரண்டு, அத்தானின் துவைத்த பனியன், என் பழைய துப்பட்டா, எல்லாவற்றையும் வாசற்படியில் அணை மாதிரி போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். துண்டு குடிக்கிறது. குடித்த துண்டைப் பிழிந்து மேடை ஓட்டையில் விடுகிறேன். மறுபடி போடுகிறேன். மணி மூன்று ஐந்து. நான்கு மணிக்கு அத்தான் வந்துவிடுவார். நான்கு மணிக்குள் இன்னொன்றும் இருக்கிறது, அதை இப்போது நினைக்க வேண்டாம், முதலில் தண்ணீர்.

அத்தான் இரண்டு தெரு தள்ளி இன்னொரு ஹோட்டலைப் பார்க்கப் போயிருக்கிறார். இந்தப் பயணமே ஹோட்டல் பார்க்க வந்த பயணம். ஜெர்மனியில் எங்கள் ஊர்ப் பக்கத்துத் தமிழ்ச் சங்கத்தில் இருபது குடும்பம், தீபாவளி விடுமுறைக்கு எல்லாரும் சேர்ந்து பிராக் போகலாம் என்று பேச்சு வந்தபோது, நல்ல ஹோட்டலாக, நம் கைக்கு அடங்குகிற ஹோட்டலாக நானே போய்ப் பார்த்துச் சொல்லுகிறேன் என்று இவர் கையைத் தூக்கிவிட்டார். சுடலைமணி கையைத் தூக்காத இடம் எது. நான்கு நாள், நாளுக்கு ஒரு ஹோட்டலில் தங்கல், பகலில் இன்னும் இரண்டு மூன்றை எட்டிப் பார்த்தல். இவர் வரவேற்பில் நிற்கிற பையன்களோடு பேசிக்கொண்டிருப்பார், கெட்டில் உண்டா, ஒரு அறையில் நாலு பேர் படுக்கலாமா, கழிப்பறையில் பைப் உண்டா. அந்தக் கடைசிக் கேள்விக்கு இதுவரைக்கும் யாரும் உண்டு என்று சொன்னதில்லை, அதனால்தான் என் பையில் எப்போதும் தண்ணீர் மொள்ள ஒரு நீலப் பிளாஸ்டிக் மக்கு. நான் அறைகளைப் பார்ப்பேன். முதல் ஹோட்டலில் ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர், கையை நீட்டினால் தொடலாம், ஆனால் மெத்தை விரிப்பின் மூலை நாலும் கடித உறை மாதிரி மடித்துச் சொருகியிருந்தது. இரண்டாவதில் சுவரெல்லாம் படம், பூ, மெழுகுவர்த்தி, கட்டிலுக்கு அடியில் பார்த்தால் யாருடையதோ ஒரு ஒற்றை சாக்ஸ். இது மூன்றாவது. மூன்றாம் மாடி, கூரை சரிந்து வருகிறது, சரிவில் ஒரு ஜன்னல், அதில் வானம் மட்டும். படுத்தால் மேகம் நகர்வது தெரிகிறது, கட்டில்தான் நகர்கிறதோ என்று ஒரு நிமிஷம் தோன்றும். அப்புறம் மூன்று அறையும் ஒன்றுக்குள் ஒன்று போய்விட்டது. காலையில் கண் விழித்ததும் சுவிட்சைத் தேடி நான் கை நீட்டியது முதல் ஹோட்டலின் சுவரில். குளியலறைக்கு என்று எழுந்து அலமாரியைத் திறந்தேன். கீழே டிராம் போகும்போது ஜன்னல் கண்ணாடி மெல்ல ஒரு ம் கொட்டுகிறது, கதை கேட்கிற பிள்ளை மாதிரி, ம், ம்.

கதை. அதுதான் பயம். தண்ணீர் அறைக்குள் வந்துவிடுமே என்பது ஒரு பயம், கீழ் அறையில் யாராவது படுத்திருந்து அவர் நெற்றியில் சொட்டுமே என்பது ஒரு பயம், ஆனால் அதெல்லாம் சின்னது, துண்டு போட்டால் தீருகிற பயம். அத்தான் வந்து பார்த்தால் இது கதையாகிவிடும். அத்தான் கெட்டவர் இல்லை, என் மாமா மகன், சின்ன வயசிலிருந்து தெரியும், கை ஓங்காதவர், குரல் உயர்த்தாதவர், சமைத்தது எதுவானாலும் சாப்பிட்டுவிட்டு நல்லாருக்கு என்பவர். ஒரே ஒரு பழக்கம், நான் செய்கிற தப்பை எல்லாம் அழகாகச் சொல்லுவார். நான் ஜெர்மனிக்கு வந்து பதினொரு மாதம், அதற்குள் பேச்சியம்மாள் கதைகள் ஒரு புத்தகம் அளவுக்கு வந்துவிட்டன. போன ஜனவரியில் பனி கொட்டுகிற அன்று துணியைப் பால்கனியில் காயப்போட்டேன், சாயங்காலம் எடுக்கப் போனால் அத்தானின் பேன்ட் அட்டை மாதிரி விறைத்து நிற்கிறது. உண்மையில் கொடியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது, கொஞ்சம் விறைப்பு, அவ்வளவுதான். அத்தான் சொல்லுகிற கதையில் அந்தப் பேன்ட் தானாக நடந்து வந்து கதவைத் தட்டும். "யாருன்னு கேட்டாளாம் பேச்சி, நான்தான் உன் புருசன், குளுருது, கதவத் தொறன்னுச்சாம்." சங்கத்தில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக்கூடாத ஊரில் நான் அம்மியில் தட்டியது ஒரு கதை. காலிப் பாட்டிலை வாங்கிக்கொண்டு காசு தருகிற எந்திரத்தில் ஊறுகாய்ப் பாட்டிலைப் போட்டு, அது துப்ப, மறுபடி நான் போட, அது துப்ப, பின்னால் வரிசை கட்டி நின்றது ஒரு கதை. குரலைப் பதிந்து வாட்ஸ்அப்பில் விடுவார், ஊர் வரைக்கும் போகும். சொல்லுகிற இடத்தில் நானும் இருப்பேன். நானே முதலில் சிரித்துவிடுவேன். முதலில் சிரிக்கிறவளைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள், கூடச் சேர்ந்துதான் சிரிப்பார்கள், அந்தக் கணக்கு எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். இதுவரைக்கும் எதையும் ஒளித்ததில்லை. ஏன் ஒளிக்க வேண்டும், பேன்ட் நடந்தால் நடந்துவிட்டுப் போகட்டும். இந்தத் தண்ணீரை மட்டும் கொடுக்க மனசில்லை.

ஏனென்றால் நான்கு மணிக்குள் ஸில்கேவுக்குப் பதில் சொல்ல வேண்டும். இதோ நினைத்துவிட்டேன். இதழினி போகிற பள்ளியில் யோனாஸ் என்று ஒரு பயல், அவன் அம்மா ஸில்கே. அவள் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு சின்ன ஹோட்டல் வைத்திருக்கிறாள், பதினாலு அறை. பள்ளியில் விழா முடிந்த அன்று எல்லாரும் போய்விட்டார்கள், நான் பாட்டுக்குத் தட்டுகளை அடுக்கி, மேசையை ஒழித்து, நாற்காலியை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டிருந்தேன், யாரும் சொல்லவில்லை, அப்படிக் கிடந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. ஸில்கே கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். மறுநாள் கேட்டாள், என் ஹோட்டலில் வேலைக்கு வருகிறாயா, காலை ஏழு முதல் பன்னிரண்டு, ஆள் இல்லாமல் நானே எல்லாம் செய்கிறேன். நேற்று வெள்ளிக்கிழமை போன் செய்து, இன்னொரு பெண் கேட்கிறாள், சனிக்கிழமை நான்கு மணிக்குள் சொல்லிவிடு, அப்புறம் அவளுக்குச் சொல்லிவிடுவேன் என்றாள். இன்றைக்குச் சனிக்கிழமை. என் விசா அட்டையில் வேலை செய்யலாம் என்றுதான் அச்சடித்திருக்கிறது, அத்தானே ஒருதரம் வாசித்துக் காட்டினார். பார்த்தியா, நீ வேலைக்கே போகலாம் என்று சொல்லிச் சிரித்தார், நானும் சிரித்தேன். அத்தானிடம் இன்னும் சொல்லவில்லை. மூன்று நாளாக ஒவ்வொரு ஹோட்டலிலும் சொல்ல வாய் எடுத்தேன். விரிப்பைத் தூக்கி மூலை மடித்த விதத்தைப் பார்க்கிறபோதெல்லாம் சொல்லலாம் என்று வரும். "என்னளா மெத்தைக்கு அடியில தங்கமா இருக்கு" என்பார், சிரித்துவிட்டு வந்துவிடுவேன். இப்போது சொன்னால் எப்படி இருக்கும். பிராக்கில் ஒரு ஹோட்டலையே மிதக்கவிட்டவள் ஜெர்மனியில் ஹோட்டல் வேலைக்குப் போகிறாள். எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது பாருங்கள், எனக்கே சிரிப்பு வருகிறது. இவ்வளவு நல்ல கதையை எந்த மனுசனாலும் சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன், அந்தச் சிரிப்போடு வேலை போய்விடும். யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். சொல்லவே வேண்டியிருக்காது.

துண்டு கனக்கிறது. பிழிந்தால் கை சிவக்கிறது. அணைக்கு இடது ஓரத்தில் ஒரு நாக்கு வெளியே வந்துவிட்டது, மெல்ல, விரல் அகலத்துக்கு, பலகைத் தரையில் வழி கேட்டுக் கேட்டு நகருகிறது, கட்டில் காலை நோக்கி. பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஜன்னலில் போகிற மேகம் அந்த நாக்கிலும் போகிறது. இரண்டு ராத்திரியாக டிராம் சத்தத்தில் சரியாகத் தூங்காதது இப்போது கண்ணில் வந்து உட்காருகிறது, ஒரு கணம் மூடினேன், மூடினால் பதினாலு கதவு. முதல் கதவைத் திறந்து விரிப்பை உதறிப் போட்டு மூலை மடித்துவிட்டு இரண்டாவதைத் திறக்கிறேன், இரண்டாவதும் முதலாவது மாதிரியே இருக்கிறது, மூன்றாவதும், கட்டிலைப் பார்த்தால் ஒவ்வொரு கட்டிலிலும் இதழினி வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள், அவளை எழுப்பாமல் விரிப்பு மாற்ற வேண்டும், அது எனக்குத் தெரியும், பிள்ளை தூங்கத் தூங்க அடியில் நனைந்த துணியை உருவி உலர்ந்ததைச் சொருகுகிற வித்தை எல்லா அம்மாவுக்கும் தெரியும், பதினாலு அறையும் செய்து முடித்துத் திரும்பினால் வெயில் ஒவ்வொரு அறையாக வந்து உட்கார்ந்திருக்கிறது, ஒரு சத்தமும் இல்லை, யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நான் செய்து வைத்தது எல்லாம் செய்து வைத்தபடி இருக்கிறது. வீட்டில் ஒன்றைச் செய்து திரும்புவதற்குள் அது கலைந்திருக்கும். இங்கே கதவைச் சாத்தினால் சாத்தினபடி. எனக்கு வேண்டியது அதுதானோ என்னமோ. பன்னிரண்டாம் வகுப்பில் எங்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டாவதாக வந்தேன், அதற்கப்புறம் யாரும் எனக்கு ஒரு வேலையைக் கொடுத்து முடித்துவிட்டாயா என்று கேட்டதில்லை. சோறாச்சா என்பார்கள். அது வேறு. கண்ணைத் திறந்தால் நாக்கு கட்டில் காலைத் தொட்டிருந்தது. கீழே ஏதோ சத்தம். சொட்டுகிற சத்தமா, என் கையில் இருக்கிற துண்டு சொட்டுகிறதா, இரண்டும் ஒரே மாதிரி கேட்கிறது. நடுவே கதவைத் தட்டினார்கள்.

அத்தான் என்றால் தட்ட மாட்டார், கதவு திறக்கிற அட்டை அவரிடம் இருக்கிறது. கீழ் அறைக்காரர்தான், நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டு திறந்தேன். ஒரு பெண். நாற்பது வயதிருக்கும், நல்ல உயரம், சாம்பல் சட்டை, மார்பில் ஹலீனா என்று பேர் எழுதிய வில்லை, பின்னால் துண்டு அடுக்கிய வண்டி. என் முழங்கால் வரை நனைந்த சுடிதாரைப் பார்த்தாள், என் தோளுக்கு மேலே எட்டிக் குளியலறையைப் பார்த்தாள், தரையில் மிதந்துகொண்டிருந்த நீல மக்கைப் பார்த்தாள். என்னென்னவோ சொன்னாள், அவள் உக்ரைன் என்பது மட்டும் புரிந்தது. நான் ஜெர்மனில் பிள்ளை, வயிறு, மன்னிப்பு என்று மூன்று வார்த்தை சொன்னேன். அவள் போனை எடுத்து அதனிடம் பேசினாள். போன் ஒரு ஆம்பளைக் குரலில், செய்தி வாசிக்கிற தமிழில், "நீங்கள் ஏன் தரையைக் குளிப்பாட்டினீர்கள்" என்று கேட்டது. அழுகை வருகிற மாதிரி இருந்த இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன், பிள்ளை எழுந்துவிடும். அவளும் பொத்திக்கொண்டாள். போனிடம் சொன்னேன், எங்க ஊர்ல தண்ணி ஊத்தித்தான் கழுவுவோம், ஓட்ட வழியாப் போயிரும், இங்க ஓட்டயக் காணோம், கீழ ஒழுகுதா. போன் அவளுக்கு என்ன சொன்னதோ, அவள் தலையாட்டிவிட்டுத் திருப்பிச் சொன்னதை அந்தச் செய்தி வாசிப்பாளர் சொன்னார்: "கீழ் அறையிலிருந்து இப்போதுதான் வருகிறேன். அதன் கூரை உலர்ந்துள்ளது. பயம் வேண்டாம். எங்கள் தரைகள் குடிப்பதில்லை."

அவள் கெட்டிக்காரி. துண்டால் அணை போடவில்லை, உருட்டவில்லை. பழைய துண்டு பத்துப் பன்னிரண்டை எடுத்து வந்து தண்ணீர்மேல் விரித்துப் போட்டாள், போட்டு அதன்மேல் நடந்தாள், ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, குதிகாலை அழுத்தி, சின்னச் சின்ன அடியாக. என்னையும் நடக்கச் சொல்லிக் கை காட்டினாள். இரண்டு பேரும் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நடந்தோம், தளத்தைத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்குகிற மாதிரி, காலுக்கடியில் தண்ணீர் புசுபுசுவென்று துண்டுக்குள் ஏறியது. ஏறின துண்டை அவள் ஒரே சுருட்டில் எடுத்து மேடைக்குள் போட்டாள். அப்புறம் துணி மாட்டிய ஒரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து, அதன் துணியை என் கையில் தொட்டுக் காட்டினாள். ஈரம்கூட இல்லை, ஈரம் இருந்த ஞாபகம் மட்டும் இருந்தது. இவ்வளவுதான் தண்ணீர் என்று விரலைச் சேர்த்துச் சிட்டிகை காட்டினாள், உப்புப் போடுகிற மாதிரி. ஒரு நாளைக்கு எத்தனை அறை என்று போனிடம் கேட்டேன். பதினாறு. கஷ்டமா. "முதுகுக்கு ஆம். தலைக்கு இல்லை. அறைக்குள் யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை" என்றார் செய்தி வாசிப்பாளர். சொல்லிவிட்டு அவளே ஒன்று கேட்டாள். "உங்கள் தொழில் என்ன." வீட்டில் இருக்கிறேன் என்பது என் வாயில் எப்போதும் தயாராக இருக்கிற பதில், விசா ஆபீசில் சொன்னது, பள்ளியில் சொன்னது, சங்கத்தில் சொன்னது. வாய் அதைச் சொல்லத்தான் திறந்தது. "திங்கக்கிழமலருந்து உங்க வேல" என்று வந்தது. என் குரல் போனுக்குள் போய், அவள் பாஷையில் ஆம்பளைக் குரலாக வெளியே வந்தது. யாரிடமும் சொல்லாததை யாரோ ஒருவர் உலகத்துக்குச் செய்தியாக வாசித்துவிட்ட மாதிரி இருந்தது. ஹலீனா தரையைப் பார்த்தாள், மக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நானே முதலில் சிரிக்கத் தயாரானேன். அவள் சிரிக்கவில்லை. துடைப்பத்தை என் கையில் கொடுத்து, மீதியை நீ செய் என்று கதவோரத்தைக் காட்டினாள். நான் செய்கிறதை ஓரமாக நின்று பார்த்தாள். ஒரு இடத்தில் நாக்கைச் சப்புக்கொட்டி, என் கையைப் பிடித்துக் கொஞ்சம் தாழ்த்திவிட்டாள். உலர்ந்த துண்டு ஆறை வைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

மூன்று நாற்பத்தைந்து. ஈரக் கையைத் துடைக்க உலர்ந்த இடம் உடம்பில் இல்லை, ஹலீனா வைத்துவிட்டுப் போன துண்டில் ஒன்றை எடுத்துத் துடைத்தேன். போனை எடுத்து ஸில்கேவின் பெயரைத் தொட்டேன். வகுப்பில் நான்கு மாதம் படித்த ஜெர்மன், அதில் வருகிறேன் என்பது எனக்குத் தெரியும், திங்கள் தெரியும், ஏழு மணி தெரியும். எழுதிவிட்டு வாசித்தேன். பள்ளிக்கூடத்தில் விடைத்தாளைக் கொடுப்பதற்கு முன்னால் வாசிக்கிற மாதிரி மூன்று தரம். வருகிறேன் என்பதற்கு முன்னால் நன்றி போடலாமா, போட்டேன், எடுத்தேன், போட்டேன். அத்தானிடம் கேட்டுவிட்டு அனுப்பலாம் என்று ஒரு நினைப்பு வந்தது, நல்ல நினைப்புதான், ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். கேட்டால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார், என்னளா இது புதுசா இருக்கு என்பார், அதற்கு நான் சிரிக்க வேண்டியிருக்கும். விரல் அழுத்திவிட்டது. போனில் ஒரு டிக், இரண்டு டிக். கீழே டிராம் போனது. இதழினி புரண்டு படுத்தாள். நெஞ்சு படபடவென்று இல்லை, ஆச்சரியமாக, ரொம்ப மெதுவாக அடித்துக்கொண்டிருந்தது, துண்டின்மேல் நடக்கிற மாதிரி. குனிந்து மீதித் தரையைத் துடைக்க ஆரம்பித்தேன். துடைத்து முடித்தே விடலாம் என்றுதான் பார்த்தேன், கட்டிலுக்கு அடியில் இன்னும் கொஞ்சம் கிடந்தது, கதவு பீப் என்றது.

"ஏளா, அந்த ஹோட்டல் சரிப்படாது, லிப்ட்ல ரெண்டு பேரு நின்னாச்சுன்னா மூணாவது ஆளு ஜாதகம் பாத்துட்டுத்தான் ஏறணும்" என்று பேசிக்கொண்டே உள்ளே வந்தவர், ஷூவைக் கழற்றி வைத்து இரண்டு அடி வைத்ததும் நின்றார். சாக்ஸ் நனைந்துவிட்டது. காலைத் தூக்கிப் பார்த்தார். நான் கட்டிலுக்கு அடியிலிருந்து தலையை எடுத்தேன். குளியலறையில் சுருட்டிக் கிடக்கிற பதினைந்து துண்டு, அவர் பனியன், என் துப்பட்டா, மக்கு. அவர் முகம் மெல்லத் திறந்தது, எனக்குப் பிடித்த முகம்தான் அது, கண்ணோரம் சுருங்கி, கன்னம் ஏறி. "என்னளா, தாமிரபரணி இங்க வரைக்கும் வந்துட்டா." கை பாக்கெட்டுக்குப் போனது. "அத்தான், போன எடுக்காதீங்க." "இல்லளா, ஒரே ஒரு வாய்ஸ், நம்ம சங்கத்துல..." "வேண்டாம்." நான் சத்தமாகச் சொல்லவில்லை. பிள்ளை தூங்குகிறதே என்று மெதுவாகத்தான் சொன்னேன். சிரிக்காமல் சொன்னேன், அது எனக்கே கேட்டது. "பேன்ட் கதய எத்தன தரம் வேணும்னாலும் சொல்லுங்க. ஊறுகாக் கதயச் சொல்லுங்க, நானும் கூட நின்னு சிரிக்கேன். இத மட்டும் யார்ட்டயும் சொல்லாதீங்க." "கோவமா." "கோவம்லாம் இல்ல." "அப்புறம் என்ன." "யோனாஸ் அம்மா ஹோட்டல்ல திங்கக்கிழமலருந்து வேலைக்கி வாரேன்னு சொல்லிட்டேன். இப்பத்தான் அனுப்பினேன்."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். மேகம் விலகி ஜன்னல் வெளிச்சம் அவர் நனைந்த சாக்ஸ்மேல் விழுந்தது. "ஹோட்டல்லன்னா, ரூம் கூட்டவா." "கூட்ட, தொடைக்க, மெத்த விரிக்க. எல்லாந்தான்." "பன்னெண்டாவதுல எவ்வளவு மார்க்கு எடுத்தவ நீ." "அந்த மார்க்கு என்ட்டதான் இருக்கு, எங்கயும் போகல." "எங்கம்மாட்ட என்ன சொல்லுவ." "அத்தைட்ட நான் சொல்லிக்கிடுதேன். அவுக எத்தன வீட்டுக் களத்துல நெல்லு தூத்துனாக." அவர் தரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். அவர் வாயில் அது வந்துவிட்டது, எனக்குத் தெரிகிறது, எவ்வளவு நல்ல கதை அது, நாக்கு நுனியில் உட்கார்ந்திருக்கிறது, அவர் அதை விழுங்கப் பாடுபடுகிறார். பாவமாக இருந்தது. நானே எடுத்துக் கொடுத்தேன். "இங்க தரையில தண்ணி ஊத்தக் கூடாதுன்னு இன்னைக்கே தெரிஞ்சது நல்லதாப் போச்சு அத்தான். திங்கக்கிழம அங்க போயி ஊத்தியிருந்தம்னா பதினாலு ரூமும் மெதந்திருக்கும்." அவர் சிரித்தார். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. நான் சிரிக்கவில்லை, துடைத்துக்கொண்டிருந்தேன். சிரித்து முடித்துவிட்டுப் போனைப் பாக்கெட்டிலிருந்து எடுத்தார், மெத்தையில் கவிழ்த்து வைத்தார். சாக்ஸைக் கழற்றி, அதாலேயே கட்டில் காலைச் சுற்றித் துடைத்தார். "அது ஈரம் அத்தான், ஈரத்தால ஈரத்தத் தொடைக்க முடியாது. இந்தாங்க துண்டு." வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் கட்டிலுக்கு அடியில் துடைத்தோம்.

"எத்தன மணிக்கிப் போணும்." "ஏழு." "பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எட்டர." "ஆமா." "அப்ப நான்தான் கெளப்பணும்." "நீங்கதான்." "பல்லு வெளக்கிருவேன். பாலு காச்சிருவேன்." விரலை மடக்கி எண்ணிக்கொண்டே வந்தவர் நின்றார். "சட போடத் தெரியாதே எனக்கு." அது எனக்கு நினைவில் வரவே இல்லை. வேலையை நினைத்தேன், ஊரை நினைத்தேன், அத்தையை நினைத்தேன், மூன்று நாளாக என்னவெல்லாமோ நினைத்தேன், இதை நினைக்கவில்லை. இதழினிக்கு முடி முதுகு வரைக்கும் அடர்த்தி, பின்னாமல் விட்டால் சாயங்காலம் சிக்கெடுக்க ஒரு மணி நேரம் ஆகும். கையைத் துடைத்துவிட்டு அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தேன், அவருக்கு முதுகைக் காட்டி. கொண்டையை அவிழ்த்துவிட்டேன். "என்ட்டயே போட்டுப் படிங்க. பிள்ள எந்திரிக்க இன்னும் அரமணி நேரம் இருக்கு." "இப்பவேயா." "நாளைக்கு ஊருக்குப் போற பஸ்ல உக்காந்தா படிப்பீக. மூணாப் பிரிங்க." பிரித்தார். விரல்கள் தயங்கித் தயங்கி வந்தன, சூடான பாத்திரத்தைத் தொடுகிற மாதிரி. "பிரிச்சிட்டேன்." "வலதுபக்கம் உள்ளத எடுத்து நடுவுல போடுங்க." "போட்டாச்சு." "இப்ப எடதுபக்கம் உள்ளது." "இதா." "அதில்ல, மத்தது." ஒன்று கையை விட்டு நழுவியது, முதலிலிருந்து ஆரம்பித்தார். கீழே டிராம் போனது. என் போன் தரையில் ஒருதரம் அதிர்ந்தது, ஸில்கேவாகத்தான் இருக்கும், குனிந்து பார்க்கலாம் என்றால் தலை அவர் பிடியில் இருந்தது. "அசையாதளா, இப்பத்தான் வருது" என்றார். நன்றாக இறுக்கி இழுத்தார், நெற்றித் தோல் எல்லாம் பின்னால் போகிற மாதிரி. வலித்தது. கழுத்தை நிமிர்த்திக் கொடுத்தேன். அடுத்த தரம் தானே தளர்த்திப் பிடிப்பார்.